கம்பெனி பஸ்ஸில் நின்றபடி போனவள்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். மாதனூரில் கம்பெனி பஸ் வந்து நின்றபோது ஜன்னல் வழியாக முதலில் கண்ணில் பட்டது, உள்ளே நின்றுகொண்டிருந்த ஒரு பெண். கம்பெனி பஸ்ஸில் யாரும் நின்றுகொண்டு போவதில்லை. ஏறுகிற எல்லோருக்கும் சீட் உண்டு. யாருக்கு எந்த சீட் என்பது எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அன்று காலி சீட்டுகளும் இருந்தன. ஒன்றிரண்டைத் தவிர ஒவ்வொரு காலி சீட்டிலும் ஒரு சாப்பாட்டுப் பை இருந்தது.

என் மனைவி பைக்கிலிருந்து இறங்கினாள். ஐ.டி. கார்டை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். நின்றிருந்த பெண்ணைத் தாண்டிப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து சீட் காலியாக இருந்தது. நின்றிருந்த பெண் அதைப் பார்த்தாள். என் மனைவி மடியிலிருந்த பையை எடுத்து அந்த சீட்டில் வைத்தாள். பஸ் ஆம்பூர் பக்கம் கிளம்பிப் போய்விட்டது.

செய்தியாக எழுதினால் இவ்வளவுதான். இதில் என்னை வெட்கப்பட வைத்தது எது என்பதை எழுதக் கொஞ்சம் முன்கதை தேவைப்படுகிறது.

நான் வேலூரில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலை பிற்பகலில்தான் தொடங்கும் என்பதால் காலையில் மனைவியை பஸ் நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது என் பொறுப்பு. அவள் ஆம்பூருக்கு வெளியே, ஹைவே ஓரமாக இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற பெரிய ஹாலில் ஒரு லைன் அவள் பொறுப்பில் இருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டிருந்த பெண் அந்த லைனில் மிஷின் ஓட்டுகிறவள். எங்களுக்கு இரண்டு ஊர் முன்னால் ஏறுவாள். என் மனைவிக்குப் பக்கத்து சீட் பல வருஷமாக அவளுடையது. எங்கள் மகளுக்குக் காது குத்தியபோது முதல் நாளே வந்து வெங்காயம் உரித்தவள். அவளுக்கு அக்கா என்றால் என் மனைவி, அண்ணா என்றால் நான்.

வார்த்தைகளைக் கவனிப்பது என் பிழைப்பு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மனைவி 'அந்தக் கம்பெனி' என்றுதான் சொன்னாள். கொஞ்ச நாளில் அது 'கம்பெனி' ஆனது. பிறகு 'எங்க கம்பெனி'. இதற்காக யாரும் அவளுக்கு வகுப்பு எடுக்கவில்லை. அவள் அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கம்பெனி வேன் வாசலில் வந்து நின்றது. தம்பி கல்யாணத்துக்கு லைன் பெண்கள் சேர்ந்து ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். மாப்பிள்ளை, பெண் படத்துக்குக் கீழே அஞ்சல் தலை அளவில் இவர்கள் முகங்கள், எல்லார் கழுத்திலும் ஐ.டி. கார்டு, அடியில் கம்பெனியின் பெயர். மாப்பிள்ளை வீட்டார் பெயரைவிட அது பெரிய எழுத்து. அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆளை அடையாளம் சொல்வதே அப்படித்தான். இன்னார் மகள் என்பதற்கு முன்னால் எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். பஸ்ஸின் நிறத்தை வைத்தே ஊர் பிரிந்துகொள்ளும்.

அந்தக் கம்பெனியின் ஜெனரல் மேனேஜரை ஒரு கல்யாணத்தில் சந்தித்திருக்கிறேன். முதலாளி இல்லை, சம்பளத்துக்கு இருப்பவர். ஆனால் 'நான்' என்ற சொல்லைக் கம்பெனிக்குப் பதிலாகவே பயன்படுத்துவார். "இந்த சீசன் எனக்கு ஆர்டர் கம்மி." "நான் இத்தாலிக்கு அனுப்பறதுல ஒரு ஜோடிகூட திரும்பி வந்ததில்ல." நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது முழுப் பெயர் கேட்டார்களாம். தன் பெயரைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் கம்பெனி பெயரையும் சொன்னாராம். "நர்ஸு ரெண்டையும் சேத்து எழுதிட்டா சார். மாத்தவேணாம்னு உட்டுட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார். பந்தியில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஷூ வாங்குகிற வெளிநாட்டு நிறுவனங்கள், வேலை செய்கிறவர்களின் நிலைமையைப் பார்க்க அவ்வப்போது ஆள் அனுப்பும். கம்பெனியில் அதற்கு விசிட் என்று பெயர். தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். விசிட் நாள் இவர்களுக்குப் பண்டிகை மாதிரி. முந்தின நாளே பினாயில் ஊற்றிக் கழுவுவார்கள். பாத்ரூமில் புது சோப்பு வரும். சொல்யூஷன் என்கிற பசை தடவுகிறவர்களுக்குப் புது மாஸ்க் கிடைக்கும். ஹாலின் பின்பக்கத்தில் ஒரு கதவு இருக்கிறது, தீ பிடித்தால் வெளியேறுவதற்கான கதவு. மற்ற நாளெல்லாம் பூட்டியிருக்கும். யாரும் நடுவில் வெளியே போய்விடக் கூடாது, தோல் துண்டு எதுவும் அந்த வழியாகப் போய்விடக் கூடாது என்பதற்காக. விசிட் அன்று பூட்டை எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு பூந்தொட்டி வைப்பார்கள்.

இந்தக் கதவைப் பற்றி என் மனைவி என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள், ரகசியமாக இல்லை, சாப்பிடும்போது, பேச்சோடு பேச்சாக. "வூட்டுக்கு விருந்தாளி வந்தா கிழிஞ்ச பாயை உள்ள வெக்க மாட்டோமா? அந்த மாதிரிதான்." நானும் தலையாட்டிவிட்டு ரசம் கேட்டிருக்கிறேன். இத்தனை பெண்கள் வேலை செய்கிற ஹாலில் பூட்டிய கதவு ஒரு செய்தி என்பது, தினமும் செய்தி திருத்துகிற எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. தோன்றி அடக்கிக்கொண்டேன் என்றால்கூட அது ஒரு மாதிரி மரியாதை. தோன்றவே இல்லை.

கடைசியாக வந்த விசிட்டில் சென்னையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். லைனிலிருந்து சிலரைத் தானே தேர்ந்தெடுத்து, தனி அறையில், சூப்பர்வைசர் யாரும் இல்லாமல் பேசினார். பஸ்ஸில் நின்ற பெண்ணும் அதில் ஒருத்தி. பேசிவிட்டு வந்தவள் மதியச் சாப்பாட்டின்போது உற்சாகமாக இருந்தாள் என்று மனைவி பிறகு சொன்னாள். உள்ளே நடந்ததை அவளே எல்லோருக்கும் நடித்துக் காட்டியிருக்கிறாள்.

"பின்னாடி கதவு எப்பவும் தொறந்திருக்குமாம்மான்னு கேட்டாங்க. நான் சொன்னேன், நீங்க வர்ற அன்னிக்கு காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தொறந்துதாங்க இருக்கும். பூந்தொட்டி வெப்பாங்க, சோப்பு வெப்பாங்க. உங்களுக்குன்னு அவ்ளோ ஏற்பாடு பண்ணுவாங்க. எங்க கம்பெனி மாதிரி யாரும் பண்ண மாட்டாங்கன்னு சொன்னேன். அவங்க அப்படியே எழுதிக்கினாங்க."

சுற்றி இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவளுக்குப் புரியவில்லை. "இன்னாக்கா? ஜாஸ்தி பேசிட்டனா?" என்று கேட்டாளாம்.

கம்பெனியைக் காட்டிக்கொடுக்க அவள் நினைக்கவில்லை. பெருமை பேசினாள். உள்ளே இருப்பவர்கள் எதையெல்லாம் பெருமையாக நினைக்கிறார்கள் என்பதை வெளியிலிருந்து வந்த ஒருவர் முன்னால் அப்படியே சொன்னாள், அவ்வளவுதான்.

சில நாளில் ஆர்டர் நிறுத்தி வைக்கப்பட்டது. குளிர்காலத்துக்கான லேடீஸ் ஷூ. மறுபடி வந்து பார்த்த பிறகுதான் முடிவு என்று சொல்லிவிட்டார்கள். லைனுக்கு வேலை குறைந்தது. ஓவர்டைம் நின்றது. மிஷின்களைத் துடைத்துத் துடைத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெனரல் மேனேஜர் ஹாலுக்கு வந்து மைக்கில் பேசினார். கத்தவில்லை. "யார் சொன்னதுன்னு நான் கேக்கமாட்டேன். எனக்குத் தெரியவும் வேணாம். யாரையும் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. நாலு நாளா நான் சரியா சாப்பிடல, அவ்ளோதான்." மைக்கை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். பின்கதவின் பூட்டை அன்றே எடுக்கச் சொன்னார். அவர் நடித்தார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு உண்மையாகவே பசி இருந்திருக்காது. பெண்கள் பலர் அழுதார்கள். அழுதவர்களில் அவளும் ஒருத்தி.

மறுநாள் காலை பஸ்ஸில் பைகள் சீட்டுக்கு வந்தன. லைனுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் உண்டு. அதிலிருந்தும் அவளை நீக்கினார்கள். நீக்கியது என் மனைவி. அட்மின் அவள்தான். மேனேஜ்மெண்ட் எதுவும் செய்யவில்லை. மெமோ இல்லை, சம்பளப் பிடித்தம் இல்லை. சட்டப்படி கேட்டால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை.

பஸ்ஸில் பார்த்த அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. என் வார விடுமுறை நாளில், மனைவி சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன்.

"ஆம்பூர் வரைக்கும் நின்னுக்கினே வருதா?"

"யாரு?"

"யாருன்னு தெரியாதா?"

கீரையைக் கீழே வைத்தாள். "நான் நிக்கச் சொல்லலியே. பையை எடுங்கன்னு கேட்டா எடுத்துடுவேன். அவ கேக்கமாட்டேங்கறா."

"கேட்டா எடுத்துடுவியா?"

அவள் மறுபடி கீரையைக் கையில் எடுத்தாள்.

"உள்ளதைத்தானே சொல்லிச்சு" என்றேன்.

"உள்ளதா? வூட்ல உள்ளதெல்லாம் தெருவுல சொல்லுவீங்களா நீங்க?" அவள் குரல் ஏறியது. "போன வருஷம் உங்க பேப்பர்ல திருடன்னு வேற ஒரு பையன் போட்டோவைப் போட்டீங்களே. அவங்கம்மா நம்ம வூட்டு வாசல்ல வந்து நின்னாங்க. நீங்க இன்னா சொன்னீங்க? தப்பாச்சும்மா, மன்னிச்சுக்கோங்கன்னு சொன்னீங்களா? 'எங்க பேப்பர்ல மறுநாளே திருத்தம் போட்டுட்டாங்களே'ன்னு சொன்னீங்க. அந்தம்மா பேசாம போச்சு. நான் உள்ள நின்னு கேட்டுக்கினுதான் இருந்தேன்."

"அது வேற."

"இன்னா வேற? உங்களுக்கு உங்க பேப்பரு. எனக்கு எங்க கம்பெனி. சும்மா நாயம் பேசவேணாம்."

அந்தத் திருத்தம் உள்பக்கத்தில், அடியில், விளம்பரத்துக்கு மேலே வந்தது. எந்த இடம் என்று எனக்கு நன்றாகத் தெரியும், பக்கத்தை முடித்தவன் நான்தான். அவள் கீரையை ஆய்ந்து முடித்தாள். பிள்ளைகள் டிவி சத்தத்தைக் கூட்டினார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணே எங்கள் வீட்டுக்கு வந்தாள். மனைவி மகளோடு சோளிங்கர் மலைக்குப் போயிருந்தாள். அது தெரிந்துதான் இவள் வந்திருந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, அக்காகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா."

"இன்னா சொல்லணும்?"

"நான் வேணும்னு சொல்லலன்னு சொல்லுங்க. ஆர்டர் என்னாலதான் போச்சு, ஒத்துக்கறேன். திட்டட்டும். நாலு அறகூட அறையட்டும். பேசாம இருக்கறதுதாண்ணா தாங்கல. லைன்ல கத்திரிக்கோல் கேட்டாக்கூட கையில குடுக்கமாட்டேங்கறாங்க. மிஷின் மேல வெச்சிட்டுப் போறாங்க."

நீ செய்ததில் தப்பே இல்லை என்று சொன்னேன். பூட்டி வைத்தவர்களின் தப்பு என்று சொன்னேன். தொழிற்சாலை ஆய்வாளரிடம் போகலாம், எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வேண்டுமானால் உன் பெயர் வராமல் பேப்பரிலேயே எழுதலாம் என்றும் சொன்னேன். இதைச் சொல்லும்போது எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்ல எண்ணம் வந்தது.

அவள் பயந்துவிட்டாள். "பேப்பர்லயா? ஐயையோ, வேணாண்ணா. கம்பெனி பேரு இன்னா ஆவறது?"

"அப்போ வேற கம்பெனிக்குப் போயிடேன். உன் கைக்கு யாரும் வேலை தருவாங்க."

"போலாம். போன ஒடனே கேப்பாங்க, அங்கேர்ந்து ஏன் வந்தேன்னு. எங்க கம்பெனியப் பத்தி நான் இன்னா சொல்றது அவங்ககிட்ட?" வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "திரும்ப விசிட் வருதாம். என்னை மறுபடி கூப்பிடுவாங்களாம். அத்த நெனச்சாதான் பேஜாரா இருக்கு. அக்கா இன்னா சொல்லணும்னு சொன்னாங்கன்னா அப்படியே சொல்லிடுவேன். யாரும் சொல்லித்தர மாட்டேங்கறாங்க."

காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் மனைவி வந்ததும் பிரசாதம் கொடுத்தாள். அந்தப் பெண் வந்துபோனதைச் சொன்னேன். என்ன பேசினோம் என்பதையும் சொன்னேன், பேப்பரில் எழுதலாம் என்றதை மட்டும் விட்டுவிட்டு. மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "சொல்லித்தர நாங்க யாரு? அவளுக்கே தெரியணும்" என்று மட்டும் சொன்னாள்.

காலையில் பஸ் வந்துகொண்டுதான் இருந்தது. அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். நான் ஒருநாள் பைக்கை டீக்கடைப் பக்கம் கொஞ்சம் தள்ளி நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் பஸ்ஸின் முன்கண்ணாடி மட்டும்தான் தெரியும். மறுநாளும் அங்கேயே நிறுத்தினேன். டீ மாஸ்டர், "இன்னா சார், எடம் மாத்திட்டீங்க?" என்று கேட்டார். பழைய இடத்தில் வெயில் அடிக்கிறது என்றேன். அந்த நேரத்தில் சூரியன் சரியாக எழுந்திருக்கவே இல்லை.

மறு விசிட் ஒரு வியாழக்கிழமை வந்தது. அதே பெண் அதிகாரி. முதல் தடவை பேசியவர்களையே மறுபடி அழைத்தார். கதவு இப்போது உண்மையிலேயே திறந்திருந்தது. அவள் 'முன்னே பூட்டியிருந்தது, இப்போ திறந்துட்டாங்க' என்று சொல்லியிருந்தால் போதும், கம்பெனிக்கு அதைவிட நல்ல பதில் வேறு இல்லை. என் மனைவிக்கே அது தெரியும். ஆனால் யாரும் அவளிடம் அதைச் சொல்லவில்லை. அவள் தானாக ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு போயிருந்தாள்.

அன்று இரவு வெகுநேரம் வரை என்னால் வேலூரிலிருந்து கிளம்ப முடியவில்லை. மறுநாள் காலை, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே மனைவி சொன்னாள். முகத்தில் பல நாளாகப் பார்க்காத வெளிச்சம் இருந்தது.

"நல்லா சொல்லிட்டா அவ. கதவு எப்பவும் தொறந்துதான் இருந்துச்சு, நான்தான் அன்னிக்கு ஒளறிட்டேன்னு சொல்லிட்டா. எனக்கு வூட்டுல பிரச்ன மேடம், அப்பப்ப தல சரியா இருக்காது, இன்னா பேசறேன்னு எனக்கே தெரியாது, லைன்ல யாரை வேணா கேளுங்கன்னு சொன்னாளாம். அந்த மேடம் எங்களைக் கூப்ட்டு கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஆமாம்னு சொன்னேன். அப்பப்ப அப்படித்தாங்க, நாங்கதான் பாத்துக்கறோம்னு சொன்னேன்."

அவளுக்குத் தலையில் எந்தக் கோளாறும் இல்லை. நாங்கள் எல்லோரும் அறிந்தவரை அந்த லைனில் மிகத் தெளிவானவள் அவள்.

"ஜி.எம். சார் அவ மிஷின்கிட்ட வந்து நின்னார். அவ தலைல கை வெச்சிட்டுப் போனார். எல்லாம் அழுதுட்டோம்" என்றாள் மனைவி. "பஸ்ல என் பக்கத்துல வந்து உக்காருடின்னு நானே கூப்ட்டேன். வழி முழுக்க என் கையைப் புடிச்சிக்கினே வந்தா."

மகள், "அம்மா, வலிக்குது" என்றாள். மனைவி பின்னலைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும். அப்போதும் தெரியும். ஒரு பெண் தன் சீட்டைத் திரும்பப் பெறுவதற்காகத் தன்னையே பைத்தியம் என்று எழுதிக்கொடுத்திருக்கிறாள், அதற்கு நீ சாட்சி சொல்லியிருக்கிறாய் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்குள் வந்தது நிம்மதி. இனி வீட்டில் அந்தப் பேச்சு வராது. பைக்கைப் பழைய இடத்தில் நிறுத்தலாம். "நல்லதாப் போச்சு" என்றேன். பிறகு, பழக்க தோஷத்தில், ஒரு கேள்வி கேட்டேன்.

"கதவு இப்ப தொறந்துதானே இருக்கு?"

"அந்த மேடம் போனதும் பூட்டிட்டாங்க. மழை அடிச்சா தோல் மேல ஈரம் படுது" என்றாள். "ஏன், அத்த எதுக்கு கேக்கறீங்க?"

"சும்மாதான்."

ஆர்டர் திரும்பி வந்தது. தாமதமான நாளை ஈடுகட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் வைத்தார்கள். லைனில் ஒருவர்கூட லீவு போடவில்லை.